ஒன்று படம், ஒன்று சத்தம்

மார்ச் 1

வக்கீல் தனுஷ்கோடி சொல்லித்தான் இந்த நோட்டு. “என்னைக்கு என்ன கிடைச்சது, யாருகிட்டருந்து கிடைச்சதுன்னு தேதி போட்டு எழுதி வைங்க குருநாதன். நாளைக்குக் கூண்டுல ஏத்திக் கேட்டா முழிக்கக் கூடாது” என்றார். தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஊரார் எழுதியதைப் படியெடுத்துத்தான் பழக்கம். சொந்தமாக எழுத உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது.

விஷயம் இதுதான். என் அக்கா வெள்ளைத்தாய்க்கும் அத்தான் அழகுமுத்துவுக்கும் தொண்ணூற்றாறில் கல்யாணம். பிள்ளை இல்லை. போன சித்திரையில் அத்தான் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மூன்றாம் மாதம் அவருடைய தம்பி வேல்ச்சாமி வீட்டுக்குப் பூட்டுப் போட்டான். ‘அண்ணன் இந்தப் பெண்ணுக்குத் தாலியே கட்டவில்லை, சும்மா சேர்ந்திருந்தவள்’ என்று வழக்கும் போட்டான். இருபத்தேழு வருஷம் அவள் கையால் சோறு தின்றவன். கல்யாண ஆல்பம் அந்தப் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறது. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்கிறான். கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. நேரில் பார்த்த பெரியவர்களில் பாதிப் பேர் இல்லை. மீதிப் பேருக்கு இப்போது ஞாபக மறதி.

“ரேஷன் கார்டு சேர்ந்து இருந்ததுக்குத்தான் சாட்சி. தாலி ஏறுனதுக்கு எதாச்சும் இருந்தாக் கொண்டாங்க. இருபதாந்தேதி வாய்தா” என்றார் வக்கீல்.

அக்கா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். ஒரு பையோடு வந்தாள். பையில் அந்த வீட்டுச் சாவியும் இருக்கிறது. பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தும் வைத்திருக்கிறாள்.

மார்ச் 2

தெய்வம் கண் திறந்தது. கனடாவில் திறந்தது.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் யார் கல்யாணம் என்றாலும் ரோஜா வீடியோஸ் சந்தனம்தான். அவர் காலமாகிவிட்டார். மகன் ஜெயசீலன் டொரண்டோவில் இருக்கிறான். அப்பாவின் டேப்புகளையெல்லாம் போன தடவை வந்தபோது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். மொத்தம் இருநூற்று மூன்று கல்யாணம். எல்லாவற்றையும் ஒரே டோரண்டாகப் போட்டு ஊர் வாட்ஸாப் குழுவில் லிங்க் அனுப்பிவிட்டான்.

கூடவே ஒரு குரல் செய்தி: “அண்ணே, அக்கா எல்லாரும் எடுத்துக்குங்க. என் பழைய லேப்டாப்புலருந்துதான் ஓடுது. இங்க நைட்டு எட்டு மணிக்கு மேல ரெண்டு மணி நேரம் போட்டு வைப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள். யாரும் உங்க கல்யாணத்தை மட்டும் டிக் பண்ணி முதல்ல இழுக்காதீங்க. வர்ற வரிசையில விடுங்க. ஆளுக்குக் கொஞ்சம் ஆளுக்குக் கொஞ்சமாப் போச்சுன்னா, நான் இல்லாட்டாலும் நீங்க ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கலாம்.”

நல்ல பையன். முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற ஊரிடம் போய் இதைச் சொல்கிறான்.

அங்கே இரவு எட்டு என்றால் நமக்குக் காலை ஆறரை. அக்காவின் ஃபைலை மட்டும் தனியாக அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்று வக்கீலுக்குப் போன் போட்டேன். “குழுவுல வேல்ச்சாமியும் இருக்கான்ல? கேஸுன்னு மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா முந்திக்கிட்டு எதையாவது ஜோடிச்சுருவாங்க” என்றார். காரணம் சொல்லாமல் கேட்டதற்கு, “அண்ணே, நாப்பது பேர் இதையே கேக்குறாங்க” என்று ஜெயசீலன் பதில் போட்டான்.

மார்ச் 3

காலை 6.30. டோரண்ட் இறக்கும் இந்த மென்பொருளில் முழுதாக வைத்திருந்து கொடுப்பவருக்கு சீட் என்று பெயர். வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு லீச், அதாவது அட்டை. ஒரு சீட், பன்னிரண்டு அட்டைகள். அதில் நான் ஒருவன்.

சந்தனம் பில் நம்பரைத்தான் டேப்புகளுக்குப் பெயராக வைத்திருக்கிறார். அக்காவின் கல்யாணப் பத்திரிகை ஒன்று என்னிடம் இருந்தது. அதன் பின்பக்கம் அப்பா கையெழுத்தில் ‘வீடியோ 87’. ஃபைல் 0087, மூன்றே முக்கால் ஜி.பி.

மற்றதற்கெல்லாம் ‘வேண்டாம்’ போட்டேன். 0087-க்கு ‘அதிக முன்னுரிமை’. ஜெயசீலன் மன்னிக்கட்டும். அவன் அக்கா வீதியில் நிற்கவில்லை.

0193-ஐயும் கூடத் தொட்டு வைத்தேன். அது சின்ன ஃபைல்தான்.

மார்ச் 4

அக்கா காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து இது நடைமுறையாகிவிட்டது.

“எம்புட்டு வந்திருக்குய்யா?”

“நூத்துக்கு நாலு.”

“அவரு முகம் வந்துருச்சா?”

இந்த மென்பொருள் ஃபைலை ஆரம்பத்திலிருந்து கொண்டுவராது. நடுவில் ஒரு துண்டு, கடைசியில் ஒரு துண்டு என்று கிடைத்ததைக் கிடைத்தபடி எடுக்கும். முழுதாகச் சேரும் வரை ஒழுங்காகப் பார்க்க முடியாது. அதைச் சொன்னேன். “முன்னாடியிருந்து வரிசையா வர்ற மாதிரிப் பண்ண முடியாதா? வந்த வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கலாம்ல” என்றாள். முடியும். ‘வரிசைப்படி இறக்கு’ என்று ஒரு டிக் இருக்கிறது. சரியான ஃபைல்தானா என்று பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று அதைப் போட்டேன்.

பிறகு அவள் திரையை உற்றுப் பார்த்தாள். “ரெண்டு பச்சைக் கோடு ஓடுதே?”

“ஒண்ணு படம், ஒண்ணு சத்தம்” என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

“ஓகோ” என்றாள்.

மார்ச் 5

வக்கீலுக்காக எழுதுகிற நோட்டில் 0193 யாருடையது என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் எழுதாமல் விட்டால் மறைத்த மாதிரி ஆகும். அது இரண்டாயிரத்து மூன்றில் நடந்த என் கல்யாணம். செண்பகம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போட்டோ நிறைய இருக்கிறது. போட்டோவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

இன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து ஓடுவதால் இரண்டும் மெதுவாகத்தான் வருகிறது. சின்னதை முதலில் முடித்துவிட்டால் பெரியதற்கு வழி முழுவதும் கிடைக்கும். அதனால் 0193-க்கு ‘அதிகபட்ச முன்னுரிமை’ போட்டேன். இது நியாயமான யோசனைதான். மேம்பாலம் கட்டும்போதுகூட ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போகிறார்கள்.

மார்ச் 6

கரண்ட் ஏழிலிருந்து எட்டரை வரை இல்லை. மின்வாரியத்தைத் திட்டி எழுதினால் ஒரு பக்கம் ஆகும்.

மார்ச் 7

அக்காவின் கல்யாணம் திரையில் பூத்தது. நிஜமாகவே பூத்தது. ஒரு ரோஜா விரிந்து, அதற்குள்ளிருந்து ‘அழகுமுத்து - வெள்ளைத்தாய்’ என்று எழுத்து சுற்றிக்கொண்டே வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, மாப்பிள்ளை அழைப்பு. அத்தான் ஜீப்பில் நிற்கிறார், கழுத்தில் மாலை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இருட்டிவிட்டது, ஆனாலும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“மெட்ராஸ் ஐ அவருக்கு. யாருகிட்டயும் சொல்லல” என்றாள் அக்கா. சிரித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மறுபடி போடச் சொன்னாள். ஒன்பது தடவை போட்டேன்.

மார்ச் 8

சந்தனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தியை விடவே மாட்டார். சாப்பிடும் ஒருவரை விட்டாலும் மறுநாள் சண்டைக்கு வருவார்கள். அதனால் இலை இலையாகப் படம் பிடிப்பார். இரண்டு நாளாக எங்கள் வீட்டில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது. கனடாவிலிருந்து சொட்டுச் சொட்டாக வருவதெல்லாம் ரசம்.

மார்ச் 9

0193 முடிந்தது.

மதியம் கடை திறக்கவில்லை. தலைவலி.

மார்ச் 10

இப்போது முழு வழியும் 0087-க்குத்தான். அக்கா கேட்டாள், “சத்தக் கோடு நின்னுருச்சே?” சத்தம் முழுதாக வந்துவிட்டது என்றேன்.

“படத்துக்கு முன்னாடி சத்தம் வந்துருமாக்கும்” என்றாள். எழுந்து போய்ப் பூண்டு உரித்தாள்.

மார்ச் 11

ஆறரைக்குத் திறந்தால் ஜெயசீலன் ஏற்கெனவே வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த நாட்டில் நேற்றிலிருந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டார்களாம். ஊரே ஒன்றுகூடிப் பேசி மணியை மாற்றுவார்களா? மாற்றுகிறார்கள். அருப்புக்கோட்டையில் ஒருவன் குடி முழுகுகிறதே என்று யார் பார்த்தார்கள்? இந்தப் பழைய கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடினால் சூடேறி அணைந்துவிடும், அதனால் போட்டு வைத்திருக்கவும் முடியவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று.

மார்ச் 12

பந்தி முடிந்தது. விடிந்துவிட்டது. முகூர்த்தக் காலை. மேடையில் அக்கா. எனக்கு ஞாபகம் இருந்ததைவிட ஒல்லியாக இருக்கிறாள். அக்கா திரையில் இருக்கும் தன்னைப் பார்க்கவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத்தான் பார்த்தாள்.

“நாளைக்குத் தாலி வந்துரும்” என்றேன். வக்கீலிடமும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 13

தாலியைத் தேங்காய் மேல் சுற்றி, தட்டில் வைத்து, ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்துக்குள் கொண்டுபோகிறார்கள். எல்லோரும் தொட்டுக் கும்பிடுகிறார்கள். தட்டு அத்தானுடைய அம்மா கைக்கு வருகிறது. அவர் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறார். அங்கே படம் நின்றது. காலை 7.10. 64.2 சதவீதம்.

“இன்னும் நாலஞ்சு பேருதான். அடுத்தது மேடைக்குத்தான் வரும்” என்றாள் அக்கா.

மார்ச் 14

சீட் 0.

மார்ச் 15

சீட் 0. அட்டைகள் எல்லோரும் இருக்கிறார்கள். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு. யாரிடமாவது 0087-இல் மீதி இருக்கிறதா என்று பார்த்தேன். ஒருவரிடமும் இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கல்யாணத்தை மட்டும் இழுத்திருக்கிறார்கள்.

மார்ச் 16

வக்கீல் சொன்னதை மீறி ஜெயசீலனுக்குத் தனியாக எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கேஸ், வீடு, பூட்டு, இருபதாம் தேதி.

மார்ச் 17

ஜெயசீலன் போன் செய்தான். லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கடையில் கொடுத்துப் பார்த்தானாம், எதையும் மீட்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். வேறு நகல் இல்லை. டேப்புகளை ஏற்றி முடித்ததும், பூஞ்சை பிடித்துவிட்டது என்று இங்கேயே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டானாம்.

“அண்ணே, கேஸுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அந்த ஒண்ண மட்டும் அன்னைக்கே அனுப்பியிருப்பேனேண்ணே” என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. நான்தான் அவனைத் தேற்றினேன்.

மார்ச் 18

மூன்றாம் தேதியிலிருந்து பதின்மூன்று வரை எனக்கு வந்து சேர்ந்தது மொத்தம் எவ்வளவு, 0087 எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டாமலே தெரிகிறது. வரிசைப்படி டிக்கைப் போடாமல் விட்டிருந்தாலும் துண்டு துண்டாகத் தாலி கட்டும் இடமும் கொஞ்சம் வந்திருக்கும்.

அக்காவிடம் டிஸ்க் போனதை மட்டும் சொன்னேன். “நான்தான அவரு முகத்தை முதல்ல காட்டுன்னேன். என் அவசரம்” என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

என்னைப் போல ஒரு தம்பி எதிரிக்குக்கூட வேண்டாம்.

மார்ச் 19

வந்த வரைக்குமாவது காட்டலாம் என்று ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு வக்கீல் ஆபீஸுக்குப் போனோம். அவருடைய ஜூனியர் மதிவதனி கம்ப்யூட்டரில் போட்டார். தட்டு அத்தானின் அம்மா கையில் வந்து நின்றதும் வக்கீல் எங்கள் பக்கம் திரும்பினார்.

“தட்டுல இருந்த தாலி கழுத்துக்கு வந்துச்சான்னு கேப்பான். எடுத்துட்டுப் போனோம், நடுவுல சண்டையாகி நின்னுபோச்சுன்னு சொன்னா நாம என்ன செய்ய?”

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதிவதனி, “சார், இன்னொண்ணு இருக்கே. இது முழுசா இருக்கு” என்றார். நான் எழுந்தேன். எழுந்து என்ன செய்ய? ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்ட மடையன் நான்தான். அதற்குள் ரோஜா விரிந்து ‘குருநாதன் - செண்பகவல்லி’ என்று சுற்றியது. “ஒம்பதாந்தேதியே இறங்கிருச்சு போல. அப்புறம் ஏன் சார் அது மட்டும் நின்னுச்சு?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். கெட்ட எண்ணம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிப்பாட்டும்மா, அது எதுக்கு” என்று வக்கீல் சொன்னார். அக்கா, “இருங்க, ஓடட்டும்” என்றாள். மதிவதனி படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டார். மண்டபத்தில் மைக் கத்தியது: “அடுத்து, மாப்பிள்ளையின் உடன்பிறந்த அக்கா, அழகுமுத்து - வெள்ளைத்தாய் தம்பதி வீட்டுச் சீர் வருகிறது, வழி விடுங்கள்!” மேளம். அத்தானும் அக்காவும் முன்னால் வருகிறார்கள். பின்னால் பழத்தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மீசை முளைத்தும் முளைக்காமலும், வேல்ச்சாமி. சந்தனம் கேமராவுக்குப் பின்னாலிருந்து அவனைச் சீண்டுகிறார், “என்னப்பா, நீ எந்த வீட்டுக்காரன்?”

வேல்ச்சாமி கேமராவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக் கத்துகிறான்: “எங்க அண்ணி தம்பி கல்யாணம்யா! எங்க அண்ணன் தாலி கட்டுனப்பவும் நான்தான்யா தட்டுத் தூக்குனேன்! அதையும் நீருதான எடுத்தீரு?”

வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தார். “திரும்பப் போடும்மா. படம் எப்படி இருந்தாலும் பரவாயில்ல, சத்தம் தெளிவா இருக்கா பாரு.”

நான் அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சீர் வருகிற இடத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தது வேறு இடம்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பாலையம்பட்டி தாண்டியதும் வெளியே பார்த்தபடியே சொன்னாள், “சத்தம் நல்லா வந்திருக்குய்யா.”

மார்ச் 20

இரண்டு வீடியோவையும் தாக்கல் செய்தார்கள். எதிர்ப்பக்கம் அது வேல்ச்சாமியின் குரலே இல்லை என்றார்கள். வேல்ச்சாமி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பதில் மனுவுக்கு அவகாசம் கேட்டார்கள், கொடுத்துவிட்டார்கள். வாய்தா ஜூன் பன்னிரண்டு. ஜெயிக்குமா என்று வக்கீலைக் கேட்டேன். “முன்னாடி ஒண்ணுமில்லாம இருந்தோம். இப்ப ஏதோ ஒண்ணு இருக்கு. அம்புட்டுத்தான் சொல்ல முடியும்” என்றார்.

ஜூன் வரைக்கும் நாள் இருந்திருக்கிறது. இருபதாம் தேதி இருபதாம் தேதி என்று செத்தோம்.

மார்ச் 22

ஐந்தரைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பழக்கம். 64.2. சீட் 0.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். எம்புட்டு என்று கேட்கவில்லை. கீழே உட்காராமல் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

“அக்கா, நான் முதல்ல...”

“தெரியும்டா. அன்னைக்கே தெரியும். சத்தம் தனியா வருமா? நான் என்ன டி.வி. பாக்காதவளா?”

“ஏன் கேக்கல?”

“கேட்டா நிப்பாட்டியிருப்பே.” காபி டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, “நீ என்கிட்டக் கேட்டிருந்தா, உன்னதை முதல்ல எடுத்துக்கன்னு நானே சொல்லியிருப்பேன். பொய் சொன்னியே, அதுதான்டா எனக்கு” என்றாள். முடிக்கவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று இந்த வாரத்தில் எனக்குச் சொன்ன இரண்டாவது ஆள். இந்த நோட்டை இனி வக்கீலிடம் கொடுக்க முடியாது.

“சரி, போடு” என்றாள்.

0193-ஐப் போட்டேன். சீர் வருகிற இடத்தைத் தேடினேன். முன்னே பின்னே இழுத்து, தாண்டிப்போய், திரும்பி வந்து, கண்டுபிடிக்க வெகு நேரம் ஆயிற்று. அத்தான் வந்தார், எங்கள் தலையில் அட்சதை போட்டார், போனார். அவ்வளவுதான் அவர். அக்கா இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை.

“இப்ப செண்பகத்தைப் போடு. உனக்குப் பிடிச்ச இடத்தை” என்றாள்.

என் கை ஒரே தடவையில் நாற்பத்தோராவது நிமிஷத்துக்குப் போனது. தேடவே இல்லை. செண்பகம் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.